தொண்ணூற்றெட்டு மார்க்

ஐம்பத்தேழாவது வயதில் தானியேலுக்கு நூற்றுக்கு அறுபத்தொன்று மார்க் வந்தது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்த மனுஷனுக்கு, மறுபடியும் ஒருத்தர் உட்கார்ந்து மார்க் போடுவார் என்று கனவிலும் தோன்றியதில்லை. போட்டதும் வாத்தியார் இல்லை, ஒரு பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் அதைச் சொருகி ஒரு வாரம் ஓட விட்டபிறகு, முதலாளியின் மகன் தினகரன் தன் போனைத் திருப்பிக் காட்டினான்.

“பாருங்க தானியேல். திடீர் பிரேக் பதினாலு. வெடுக்குனு திருப்பினது ஒம்பது. மொத்தம் அறுபத்தொண்ணு. எங்க ஊர்ல இந்த மார்க் வாங்கினா சாவியையே தொட விடமாட்டாங்க.”

எங்க ஊர் என்று அவன் சொன்னது ஜெர்மனியை. பிறந்தது வளர்ந்தது எல்லாம் திருப்புலிவனம். அரைக்கால் டவுசரோடு இதே ஏரிக்கரையில் சைக்கிள் பழகி, இதே ஏரிக்குள் விழுந்து எழுந்தவன்தான். பன்னிரண்டு வருஷம் அங்கே கம்ப்யூட்டர் தட்டியதில் ஊர் மாறிப்போய்விட்டது. மாறட்டும், அது அவன் பாடு. ஆனால் தன்னைவிட இருபது வயது பெரியவருக்குப் பரீட்சை வைக்கிற துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதுதான் தானியேலுக்கு விளங்கவில்லை. அதுவும் வார்த்தைக்கு வார்த்தை நீங்க, வாங்க, ப்ளீஸ். அந்த மரியாதையைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“மாடு குறுக்க வந்தா பிரேக் போடாம இன்னா தம்பி பண்றது? அதுங்கிட்ட லைசென்ஸ் கேக்கறதா?”

“முன்கூட்டியே எதிர்பார்க்கணும் தானியேல். அங்க அப்படித்தான் சொல்லிக் குடுக்கறாங்க. டிசம்பர்ல கிறிஸ்துமஸ் லீவுக்கு வருவேன். எண்பது இருக்கணும். இல்லன்னா வேற ஏற்பாடுதான் பண்ணணும். தப்பா எடுத்துக்காதீங்க.”

தினகரனின் அப்பா முத்துவேல் பதினைந்து ஏக்கர் கழனிக்காரர். அவருக்குத் தானியேல் பதினோரு வருஷமாக டிரைவர். அதற்கு முன்னால் இருபது வருஷம் லாரி. கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் போனபிறகு லாரிக்காரன் எவனும் அவரைக் கூப்பிடவில்லை. இந்த ஸ்டியரிங்கும் போனால் மிச்சம் மண்வெட்டிதான். அவருடைய அப்பா இதே முத்துவேலின் அப்பாவுக்காகச் சேற்றில் நின்றே செத்தவர். சேற்றில் கால் வைக்காமல் இந்தக் குடும்பத்திடம் சம்பளம் வாங்குகிற முதல் ஆள் தானியேல். இஸ்திரி போட்ட சட்டையோடு வேலைக்குப் போகிறவர் என்று காலனியில் அவருக்கு ஒரு பேரே இருந்தது. அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு, அதே கழனியில், நொண்டிக் காலோடு குனிய அவர் தயாராக இல்லை.

சரி, மார்க் போட்ட மகராசன் எப்படி ஓட்டினான்? அதையும் சொல்ல வேண்டும்.

அவன் வந்திருந்த அந்த ஈஸ்டர் லீவிலேயே ஒரு நாள், “நான் காட்றேன் பாருங்க,” என்று சாவியை வாங்கினான். அங்கே வண்டிகள் எல்லாம் ரோட்டுக்கு வலப்பக்கம் போகுமாம், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலுள்ள கைப்பிடிகளும் இடம் மாறியிருக்குமாம். இண்டிகேட்டர் போட வேண்டிய இடத்திலெல்லாம் வைப்பரைப் போட்டான். பங்குனி வெயிலில் காய்ந்த கண்ணாடியை வைப்பர் கறக் கறக்கென்று தேய்க்க, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுத் திருப்பத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, யாராவது வழி விடுவார்கள் என்று காத்திருந்தான். யார் விடுவார்கள்? ஷேர் ஆட்டோ போனது, கரும்பு டிராக்டர் போனது, பால் வண்டி போனது, ஒரு நாய்கூட நிதானமாக நின்று சொறிந்துகொண்டு கடந்து போனது. கால் மணி நேரம். பின்னால் அடித்த ஹாரனில் காது கிழிந்தது. “ஹாரன் அடிக்கறது அநாகரிகம்,” என்றான் தினகரன், நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

திரும்பி வரும்போது அதைவிடக் கூத்து. சிட்டம்மாள் உளுந்துச் செடியைப் பிடுங்கிவந்து ரோட்டின் அகலத்துக்கும் பரப்பி வைத்திருந்தாள். வண்டிகள் ஏறிப் போனால் செடியிலிருந்து உளுந்து தானாக உதிரும், தடியால் அடிக்கிற வேலை மிச்சம். ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரிந்த விஷயம். நம்ம ஆள் பத்தடி முன்னாலேயே நிறுத்தி, நாலு பக்கத்து விளக்கையும் மினுக்கவிட்டு, இறங்கிப் போய்ப் பவ்யமாக நின்றான்.

“அம்மா, இத எடுத்தீங்கன்னா நான் போயிடுவேன்.”

சிட்டம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். “எடுக்கறதுக்கா காலைல இருந்து இடுப்பொடிய பரப்பிக்கினு கீறேன்? ஏறிப் போப்பா. நாலு தபா போய்ட்டு வந்தின்னா உனுக்குப் புண்ணியமாப் பூடும்.”

“செடி நசுங்கிடுமே?”

“நசுங்கறதுக்குத்தான்யா போட்டுக் கீது!” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “தானியேலு, இந்தப் புள்ளைக்கு இன்னா ஆச்சு?”

தானியேல் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை விழுங்கினார். வீட்டுக்கு வந்து, “இன்னிக்கி உங்களுக்குப் பொட்டி எவ்ளோ போட்டுச்சு தம்பி?” என்று கேட்டார். நெட்வொர்க் இல்லை என்றான் தினகரன்.

அவன் விமானம் ஏறியதும் தொல்லை போனில் வந்தது. இங்கே மத்தியானச் சோற்றுக்கு உட்காருகிற நேரம் அங்கே காலை. “தானியேல், நேத்து சாயங்காலம் அஞ்சு பத்துக்கு ஒரு பிரேக் போட்டீங்களே, ஏன்?” பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வந்த பெண் குழந்தைகள் மூன்று பேர், அரட்டை அடித்துக்கொண்டே குறுக்கே திரும்பிவிட்டார்கள் என்பார் தானியேல். “சரி, ஆனா மார்க் கொறையுது பாருங்க.” அந்தக் குழந்தைகளை அடித்துப்போட்டுவிட்டு அதே வேகத்தில் போயிருந்தால் மார்க் குறைந்திருக்காது. பெட்டிக்குத் தெரிந்ததெல்லாம் வண்டி குலுங்கியது மட்டும்தான். எதற்காகக் குலுங்கியது என்று அதற்கும் தெரியாது, அதைச் சொருகியவனுக்கும் தெரியாது. ஜூன் முடிகிற வரைக்கும் தானியேல் அறுபதிலும் அறுபத்திரண்டிலும் முட்டிக்கொண்டு நின்றார்.

முத்துவேல் வண்டி ஓட்டுவது வேறு ரகம். டிராக்டரில் பழகிய கை. கார் அவருக்குக் கூரை போட்ட டிராக்டர், அவ்வளவுதான். ரோட்டுக்கு நட்ட நடுவில்தான் போவார், ஓரமெல்லாம் எதிரே வருகிறவனுக்கு. கண்ணாடியைப் பார்க்கிற வழக்கமே கிடையாது. பின்னால் வருகிறவனுக்குக் கண் இல்லையா, அவன் பார்த்துக்கொள்ளட்டும் என்பார். இருபத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டினால் அவருக்குச் சாப்பிட்டது செரிக்காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பால் சொசைட்டிச் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே போனதிலிருந்து, அப்பா இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று தினகரன் கட்டளை போட்டிருந்தான்.

சுவர் ஏன் இடிந்தது என்று மட்டும் அவனுக்குத் தெரியாது. முத்துவேலுக்கு வலது கண்ணில் புரை. அந்தப் பக்கம் யானையே வந்தாலும் மங்கலாக ஏதோ அசைகிற மாதிரிதான் இருக்கும். அவ்வளவு பெரிய மீசை வைத்திருக்கிற மனுஷனுக்கு ஆபரேஷன் என்றால் நடுக்கம். “புள்ளைகிட்ட வாயத் தொறந்த, அப்புறம் உனுக்கும் எனுக்கும் பேச்சே கெடையாது,” என்று தானியேலிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தார்.

ஆடி மாசம் ஒரு நாள் காலை, பம்ப்செட்டுக்குக் கிளம்பும்போது கிழவர் குழந்தை மாதிரி அடம்பிடித்தார். “ரோடு காலியாத்தானடா கீது. கை நமநமங்குது. ஒரே ஒரு தபா.” தானியேல் சாவியைக் கொடுத்துவிட்டு இடது சீட்டுக்கு நகர்ந்தார். “ரைட்டுல ஒரு டிவிஎஸ் வந்துக்கினு கீது மொலாளி, வுட்ருங்க. ஆங், இப்ப போங்க.” மாட்டு வண்டி வேகத்தில் ஊர்வலம் போனது. பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்தே நொந்துபோனது. எதிரே வந்தவர்கள் வாயில் வந்ததைத் திட்டிக்கொண்டு ரோட்டை விட்டு மண்ணில் இறங்கினார்கள். முத்துவேல் எதற்கும் பிரேக்கைத் தொடவில்லை. மத்தியானம் போன் வந்தது.

“தானியேல்! தொண்ணூத்தெட்டு! என்ன பண்ணீங்க?”

தானியேல் சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிரேக்கை எல்லாம் எதிரே வந்தவர்கள் போட்டார்கள், மார்க்கு மட்டும் இவருக்கு. பாதிக் குருடரான கிழவரைப் போல ஒரு டிரைவரை ஜெர்மன்காரன் பெட்டி பார்த்ததே இல்லையாம். “நீங்க சொன்ன மாதிரிதான் தம்பி, முன்கூட்டியே எதிர்பார்த்தேன்,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

விஷயத்தைக் கேட்ட அவர் மனைவி பரிமளா சிரிக்கவில்லை. “கண்ணு தெரியாதவர ஓட்ட வுட்டு நீ மார்க்கு வாங்கறியா? நாளைக்கு எவன் மேலயாவது ஏறிச்சின்னா அந்தப் பொட்டியா ஜெயிலுக்குப் போவும்?”

“நான் பக்கத்துலதான கீறேன். என் கண்ணு ரெண்டும் நல்லாத்தான கீது.”

தப்பு என்று அவருக்குத் தெரியாமலில்லை. தெரிந்தேதான் செய்தார். தினமும் காலையில் கழனிக்குப் போக, வர முத்துவேல். மற்ற ஓட்டமெல்லாம் தானியேல். ஏரிக்கரை முடிந்து பெரிய ரோட்டில் ஏறுகிற இடம்தான் பேஜார். வலது பக்கத்தைக் கரை பாதி மறைக்கும், புளியமரங்கள் மீதியை மறைக்கும். ஏழே முக்காலுக்கு ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு கம்பெனி பஸ் அந்தப் பக்கத்திலிருந்து பறந்து வரும். அங்கே தானியேல் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “மெதுவா நிறுத்துங்க மொலாளி, கம்பெனி பஸ்சு.” கிழவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். போகப் போக இரண்டு பேரும் சேர்ந்து ஒரு டிரைவர் என்றாகிவிட்டது. கார்த்திகை மாசத்தில் மொத்த மார்க் எண்பத்திரண்டில் வந்து நின்றது.

டிசம்பரில் தினகரன் வந்தான். தானியேலுக்கு ஒரு சாக்லேட் டப்பா, ஒரு கைகுலுக்கல். “பெருமையா இருக்கு தானியேல். நம்ம ஆளுங்களும் மாற முடியும்னு நிரூபிச்சிட்டீங்க.” கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் சொந்தக்காரர்களை காஞ்சிபுரம் பக்கத்து ஓரிக்கை மணிமண்டபத்துக்கு அழைத்துப் போனபோதும் வழிநெடுக இதே பேச்சுதான். ஒழுங்கு என்று ஒன்றைக் கற்றுக்கொடுத்தால் காட்டு மனுஷனையும் கார் ஓட்ட வைக்கலாம் என்றான் தினகரன். ஸ்டியரிங்கில் இருந்தது அந்தக் காட்டு மனுஷன்தான், அவருக்குக் காதும் இருந்தது.

வீட்டுக்கு வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது முத்துவேலுக்குப் பொறுக்கவில்லை. தன்னுடைய மார்க்கை ஐந்து மாசமாக இன்னொருத்தன் பேரில் கேட்டுக்கொண்டிருக்க எந்தக் கழனிக்காரரால் முடியும்? தானியேல் பின்கட்டில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்தது.

“டேய், அந்தத் தொண்ணூத்தெட்டு யாருன்னு நெனைச்சிக்கினு கீற? நான்டா!”

“ஐயோ, இந்த மனுஷன் மறுபடியும் ஓட்டறாரா!” என்று முத்துவேலின் மனைவி எல்லம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள்.

தினகரன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் போனை எடுத்து ஒவ்வொரு நாளாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். காலை ஓட்டமெல்லாம் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு. மற்றதெல்லாம் அறுபது, அறுபத்துமூன்று. பிறகு எழுந்து பின்கட்டு வாசலுக்கு வந்து நின்றான்.

“நீங்க என்னை ஏமாத்திட்டீங்க தானியேல். அத விடுங்க. டேட்டா தெளிவா இருக்கு. அப்பாவே இவ்ளோ நல்லா ஓட்டும்போது தனியா டிரைவர் எதுக்கு? நாளையிலருந்து அவரே பாத்துக்கட்டும். தப்பா எடுத்துக்காதீங்க.”

வேலையை விட்டு நிறுத்தும்போதும் நீங்கதான்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். உங்கப்பாவுக்கு வலது கண் தெரியாது தம்பி. சொன்னால் வேலை தப்பும். ஆனால் தெரியாத கண்ணோடு ஐந்து மாசம் அவரை ஊர் ரோட்டில் ஓட விட்டது யார் என்ற கேள்வியும் கூடவே வரும். மார்க்குக்காக விட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? தானியேல் கதவு வழியாக முத்துவேலைப் பார்த்தார். கிழவர் சொல்லலாமே. அவன் இல்லாமல் என்னால் ஓட்ட முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லலாமே. கிழவர் தலை நிமிராமல் மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கார் சாவி அதற்குள் அவர் இலைக்குப் பக்கத்தில் போயிருந்தது. தானியேல் பாதிச் சோற்றிலேயே தட்டை விட்டு எழுந்தார். துக்கம் இல்லை, ஆத்திரம்.

மறுநாள் காலை, காரில் கிடந்த தன் துண்டையும் சின்ன பைபிளையும் எடுத்துப் போக வந்தார். “உக்காருங்க, காலனில இறக்கிவிட்டுட்டுக் கழனிக்குப் போறோம்,” என்றான் தினகரன். பெரிய மனசு! பின் சீட்டுக் கதவைத் திறந்துவிட்டான். பதினோரு வருஷத்தில் தானியேல் அந்தப் பின் சீட்டைத் துடைத்திருக்கிறார், ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. “பெல்ட் போட்டுக்கங்க,” என்று முன்னாலிருந்து குரல் வந்தது. போட்டுக்கொண்டார்.

முத்துவேல் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார். பக்கத்தில் தினகரன் ரோட்டைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டு வந்தான். “சூப்பர்ப்பா. அப்படியே போங்க.” மழைக்கு ஏரி நிரம்பிக் கரை வரைக்கும் தளும்பிக்கொண்டிருந்தது. கரை முடிகிற இடம் நெருங்கியது. தானியேல் வாட்சைப் பார்த்தார். ஏழே முக்கால்.

“ரைட்டுல இன்னா வருது?” என்றார் முத்துவேல்.

அப்பா கேட்டது தன்னையா என்றுகூட தினகரனுக்குத் தோன்றவில்லை. விரல் போனிலேயே இருந்தது.

“ரைட்டுல இன்னா வருதுன்னு கேக்கறேன்.”

தானியேலுக்குத் தெரிந்தது. புளியமரங்களுக்கு நடுவே வெள்ளையாக, கம்பெனி பஸ். வாயைத் திறந்தால் போதும். அவர் திறக்கவில்லை. நான் என்ன டிரைவரா, பெல்ட் போட்ட விருந்தாளி. பெட்டி சொல்லட்டும், டேட்டா சொல்லட்டும், ஜெர்மனி சொல்லட்டும். ஒரு மூச்சு விட்டார். இன்னொரு மூச்சும் விட்டார். முன் சக்கரம் தாரில் ஏறியது.

“நிறுத்துறா முத்துவேலு!”

தானியேலின் அப்பாவோ தாத்தாவோ அந்தக் குடும்பத்து ஆளை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கிழவரின் கால் தானாகப் பிரேக்கில் விழுந்தது. பம்பருக்கு ஒரு சாண் முன்னால் பஸ் அலறிக்கொண்டு போனது. அதன் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, முத்துவேல் குடும்பத்துப் பெண்களை மூன்று தலைமுறைக்கு விசாரித்துவிட்டுப் போனான். தினகரனின் போன் காலடியில் விழுந்து டிங் என்றது. திடீர் பிரேக், ஒன்று.

“அப்பா! அவ்ளோ பெரிய பஸ் தெரியல?”

“ரைட்டுல எனுக்கு எங்கடா தெரியும்? கண்ணுல புரை.” முத்துவேலின் குரல் உள்ளே போயிருந்தது. “தானியேலுதான் சொல்லுவான்.”

தினகரன் பின்னால் திரும்பினான். முகத்தில் ரத்தமே இல்லை. “உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் தம்பி. ரெண்டு பேரும் சேந்துதான் அந்தத் தொண்ணூத்தெட்டு.”

தினகரன் இறங்கி, சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கத்துக்கு வந்தான். தானே ஓட்டலாம் என்று நினைத்திருப்பான். ரோட்டைப் பார்த்தான், முதலில் தப்பான பக்கம் பார்த்தான், அதே நேரத்தில் ஒரு மணல் லாரி முதுகுக்குப் பின்னால் உரசுகிற மாதிரி போனது. அப்பாவை இறக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, சாவியைத் தானியேலிடம் நீட்டினான்.

“நீங்களே ஓட்டுங்கண்ணா. இனிமேலும் நீங்கதான்.”

தானியேல் சீட்டைத் தன் காலுக்குச் சரியாகத் தள்ளிக்கொண்டு கிளப்பினார். அந்தப் பெட்டியைப் பிடுங்கி எறியவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும். திருப்பத்தில் நீளமாக ஒரு ஹாரன். குறுக்கே ஓடிய ஆட்டுக்கு ஒரு பிரேக். பள்ளத்துக்கு ஒரு வெட்டு. முப்பத்தொரு வருஷமாக எப்படி ஓட்டினாரோ அப்படியே ஓட்டினார். தினகரன் கையில் போன் டிங், டிங் என்று மார்க்கை உதிர்த்துக்கொண்டே வந்தது. அவன் அதைத் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டான்.

வேலை நிலைத்துவிட்டது. அந்த நிம்மதியில் தானியேல் முதுகைச் சாய்த்தபோதுதான் பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

“தானியேலு.”

“இன்னா மொலாளி.”

“பேரச் சொல்லிக் கூப்ட்ட. அத்த நான் தப்பா எடுத்துக்கல.” கிழவர் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். “தெனம் நான் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிருவ. இன்னிக்கி ரெண்டு தபா கேட்டேனே. ஏன்டா சொல்லல?”

தினகரன் மெல்லத் தலையைத் திருப்பித் தானியேலைப் பார்த்தான். எதிரே ரோடு கண்ணுக்கெட்டிய தூரம் வெறிச்சோடிக் கிடந்தது. மாடு இல்லை, ஆடு இல்லை, சைக்கிள்கூட இல்லை. தானியேல் ஹாரனில் கை வைத்து அழுத்தினார். அழுத்திய கையை எடுக்கவில்லை.